டர்போ காருக்கு இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) மாற்றலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்

அண்ணா, என்னுடையது போலோ டிஎஸ்ஐ, 1.0 லிட்டர், 110 பிஎஸ். பெட்டியில்லாத ஓப்பன் ஃபில்டர் போட்டால் பவர் எவ்வளவு கூடும்?

ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்யாத வண்டி என்றால் பெரிதாக ஒன்றும் கூடாது தம்பி. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினில் ஃபில்டர் அடைத்தால் பவர் நேராகக் குறையும். உன் வண்டியில் அப்படி இல்லை, எவ்வளவு காற்று வேண்டும் என்று ஈசியு, அதாவது எஞ்சின் கணினி, கணக்கு வைத்திருக்கிறது, ஃபில்டரில் கொஞ்சம் தடை இருந்தால் புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை இன்னும் மூடி, டர்போவை வேகமாகச் சுற்றவிட்டு அதே காற்றை வாங்கிக்கொள்ளும். தடையை எடுத்தால் டர்போவின் சுமை குறையும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஒரு மயிரிழை சீக்கிரம் எழும், அவ்வளவுதான். சத்தம் மட்டும் நிச்சயம் கூடும். அதற்காகவே காசு கொடுக்கிறவர்கள் உண்டு, தப்பில்லை.

ஸ்டேஜ் 1 (முதல் நிலை) ரீமேப் போட்டாயிற்று. இப்போதாவது?

இப்போது அர்த்தம் இருக்கிறது. ஆனால் கம்பெனி ஏர்பாக்ஸைக் கழற்றிப் போட அவசரப்படாதீர்கள். முதலில் அதே பெட்டியில் நல்ல பேனல் ஃபில்டர் போட்டுப் பாருங்கள், அப்புறம் முன் கிரில்லிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய் நசுங்காமல் இருக்கிறதா பாருங்கள்.

ஏன் இவ்வளவு தயக்கம் என்றால் சூடு. 35 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், கம்ப்ரசர் 70 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்தால், வெளியே வரும் காற்று 130 டிகிரியைத் தொடும். பானெட்டுக்குள் மறைப்பில்லாமல் நிற்கும் கூம்பு ஃபில்டர், டிராஃபிக்கில் 60 டிகிரி காற்றை உறிஞ்சினால் அதே கணக்கு 160ஐத் தாண்டும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பெரும்பகுதியை இறக்கும், முழுதாக அல்ல. மிச்சச் சூட்டில் நாக் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும், ஈசியு இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்கு இழுக்கும், வாங்கிய பவர் போய்விடும். சித்திரை வெயிலில் அவிநாசி சாலை சிக்னல் ஒன்றில் ஒரு வண்டியின் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பச்சை விழுவதற்குள் இன்டேக் வெப்பம் 41இல் இருந்து 58க்கு ஏறிவிட்டது. ஓப்பன் ஃபில்டர்தான் வேண்டும் என்றால் சுற்றிலும் தடுப்புப் பெட்டி கட்டி, வெளிக்காற்று வர வழி விடுங்கள்.

70 மிமீ குழாயை எடுத்துவிட்டு 76 மிமீ போட்டேன், செக் எஞ்சின் விளக்கு எரிகிறது.

காற்றின் அளவைப் பார்க்கும் எம்ஏஎஃப் சென்சார் அந்தக் குழாயில்தானே இருக்கிறது? குறுக்குப் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடிவிட்டது, அதே காற்று மெதுவாகப் போகிறது, சென்சார் குறைவாகச் சொல்கிறது, பெட்ரோலும் குறைகிறது. பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. சென்சார் இருக்கும் இடத்தில் பழைய விட்டமே வேண்டும், அல்லது அந்தக் குழாய்க்கென்று மேப் எழுத வேண்டும். அதுவரை காலை மிதமாக வையுங்கள். காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகம் தடவினாலும் சென்சார் கம்பியில் படிந்து இதே தொல்லை வரும்.

டீசல் ஸ்விஃப்டில் ‘ப்ஸ்ஸ்’ சத்தத்துக்கு தேங்கிய காற்றை வெளியே விடும் பிளோ-ஆஃப் வால்வு போடலாமா?

வேண்டாம். காலை எடுத்ததும் பட்டென்று மூடிக் காற்றைத் தேக்குவது பெட்ரோல் வண்டியின் த்ராட்டில் (காற்றுக் கதவு). டீசலில் அந்த வேலையே இல்லை. விற்கிறவர் சொல்ல மாட்டார்.

வேளச்சேரியில் இருக்கிறேன். ஃபில்டரைப் பம்பருக்குள் கீழே இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்குமே?

கிடைக்கும், ஐப்பசியில் தண்ணீரும் கிடைக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். உங்கள் பகுதியில் கம்பெனி வைத்த உயரத்தைவிட ஒரு அங்குலம்கூட இறக்காதீர்கள்.

எஞ்சினிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் சின்ன ஹோஸை அடைத்துவிடலாமா? எண்ணெய் கசிகிறது.

அடைக்கவே கூடாது. கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) வாயு வெளியேறும் வழி அது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சீல் வழியாகக் கசியும். எண்ணெயைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் வைத்துத் திரும்ப இன்டேக்கிலேயே இணையுங்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே கிளாம்பைத் தளர்த்தி, குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு சகஜம். நறநறவென்று மண் தட்டுப்பட்டால் எங்கோ ஓட்டை, நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றும் கம்ப்ரசர் இறக்கையில் அந்த மண் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அப்படி இருந்தால் அன்றே பழைய பெட்டியை மாட்டிவிடுங்கள்.