சமதளத்துக்காரன் இறக்கத்தில் ஓடப் பழகுவது எப்படி?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் இருக்கிறேன். இன்னும் ஏழு வாரத்தில் 50 கி.மீ. மலை ஓட்டம். ஏற்றத்தைச் சமாளித்துவிடுகிறேன், இறக்கத்தில் தொடை போய்விடுகிறது. மலையே இல்லாத ஊரில் இதற்கு எப்படிப் பழகுவது?

நான் மண்டபம். எங்கள் ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டால் பாம்பன் பாலத்தைத்தான் காட்டுவோம். உங்கள் சங்கடம் எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் தடவை மலையில் ஓடியது கொல்லிமலையில். நண்பர்கள் நாலு பேர், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குவது என்று ஏற்பாடு. ஏறும்போது நான்தான் முன்னால். இறங்கும்போது பாதி வளைவு தாண்டுவதற்குள் தொடை வெடவெடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு வளைவுகளை நடந்தே முடித்தேன். மறுநாள் வலி பரவாயில்லை, அதற்கடுத்த நாள்தான் உச்சம். பேருந்துப் படியில் நேராக இறங்க முடியாமல், கம்பியைப் பிடித்துத் திரும்பி நின்று, ஏணியில் இறங்குகிற மாதிரி பின்பக்கமாக இறங்கினேன். "உடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டார் கண்டக்டர். ஓடிவிட்டு வருகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இதில் மூச்சுக்கு வேலையே இல்லை. இறங்கும்போது முன்தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசை சுருங்கும்போது படுவதைவிட இப்படி நீண்டுகொண்டே தாங்கும்போதுதான் அதிகம் அடிபடும். 2005-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 9 டிகிரி இறக்கத்தில், சமதளத்தைவிட மோதல் விசை 54 சதவீதமும், பின்னால் தள்ளும் பிரேக் விசை 73 சதவீதமும் கூடியிருக்கிறது. அந்த பிரேக்கைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்கிறோம், காலை முன்னால் நீட்டிக் குதிகாலை ஊன்றுகிறோம். பிரேக் கட்டையைப் பிடித்துக்கொண்டே பாலம் இறங்குகிற பழைய சைக்கிள் கணக்குத்தான். கட்டை தேயாமல் என்ன செய்யும்?

கொல்லிமலைக்கு அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடிப் பக்கம் மணல்மேடு இருக்கிறதே என்று ஒரு மாதம் அதில் ஏறி இறங்கினேன். கணுக்காலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மணல் அடியை வாங்கிக்கொள்கிறது, தொடைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. உங்கள் ஓட்டம் தார்ச்சாலையிலோ பாறைத்தடத்திலோ என்றால் கெட்டியான தரையில்தான் பழக வேண்டும்.

அதற்குப் பாம்பன் சாலைப் பாலம் போதும். 1988-இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். அடியில் கப்பல் போகவேண்டும் என்று நடுவில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். இறக்கம் என்று சொல்லத்தக்கது சில நூறு மீட்டர்தான், செங்குத்தும் இல்லை. நடையைத் திருத்திக்கொள்ள அதுவே வசதி, ஏனென்றால் பயம் வராது. விடியுமுன் போய்விடுங்கள். வெளிச்சம் வந்தபிறகு சுற்றுலா வண்டிகள் பாலத்து நடுவிலேயே நின்று ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓரமாக ஓடுங்கள், பளிச்சென்ற சட்டை போடுங்கள். ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது கையைக் கொஞ்சம் விரித்துத்தான் நிலை பிடிக்க முடியும். அந்தக் கை மலைத்தடத்திலும் உதவும்.

எனக்கு நடை சொல்லிக்கொடுத்தவர் ஓட்டக்காரர் இல்லை, சைக்கிளில் மீன் கொண்டுபோகிற ஒரு பெரியவர். பின்னாலேயே வந்தவர், "என்ன தம்பி, காலைத் தொப்புத் தொப்புன்னு போடுறீக? சத்தம் அங்கன வரைக்கும் கேக்குது" என்றார். அன்றிலிருந்து காதுதான் என் பயிற்சியாளர். தொப் என்றால் குதிகால் முன்னால் விழுகிறது. அடியைச் சின்னதாக்கி வேகமாகப் போட்டால், முழங்கால் லேசாக மடங்கியபடி பாதம் இடுப்புக்குக் கீழேயே விழும், சத்தம் டக் டக் என்று மாறிவிடும். அரை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். நான் 78-இல் இருந்து 88-க்கு வந்தேன். உங்களுக்கு வேறு எண் வரலாம். சாய்வு கணுக்காலிலிருந்து வரட்டும். இடுப்பை மடித்துக் குனிந்தால் முதுகுதான் வலிக்கும். பார்வை நாலைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

தொடைக்கு வலு வீட்டு வாசற்படியில். ஒரு காலில் படிமேல் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறங்குவது. காலுக்குப் பத்து, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "வாசல்ல நின்னு என்னடா கூத்து" என்று கேட்டதோடு சரி.

இதெல்லாம் செய்தாலும் நிஜ மலை ஒன்றிரண்டு முறை வேண்டும். நமக்குப் பக்கம் அழகர்மலைதான். கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்குப் போகிற சாலையில் ஏற்றத்தை நடந்துவிட்டு இறக்கத்தை மட்டும் ஓடுங்கள். கையில் வாழைப்பழம் வேண்டாம், குரங்கு விடாது. முதல் தடவை வலிக்கும். ஆனால் ஒருமுறை அடிபட்ட தொடை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிப்பதில்லை. தசை அப்படித்தான் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. ஏழு வாரத்தில் ஆகுமா என்ற உங்கள் கவலைக்கு இதுதான் பதில், ஆகும்.

முதல் இரண்டு வாரம் பாலமும் வாசற்படியும். பாலத்தில் நாலு இறக்கத்தில் தொடங்கி எட்டு வரை போகலாம். மூன்றாவது வாரக் கடைசியில் அழகர்மலை, அடுத்த நாலு நாள் மெதுநடை மட்டும். ஐந்தாவது வாரக் கடைசியில் இன்னொரு முறை, கொஞ்சம் நீளமாக. அதோடு கடின இறக்கம் போதும், மிச்ச இரண்டு வாரத்தில் ஆசைப்பட்டு மலைக்குப் போகாதீர்கள். வலி முழங்கால் மூட்டுக்குள் இருந்தால் அது தசைவலி இல்லை, நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறந்துவிட்டேன், போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். ஷூ கயிற்றைக் கடைசித் துளைவரை கோத்துக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் இறக்கம் முழுக்கப் பெருவிரல் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும். எனக்குக் கறுத்துப்போன நகம் விழுந்து முளைக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆனது.