கோட்டையைச் சுற்றியிருக்கும் வீடுகள் – ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

ஹங்கேரியில் மிஷ்கோல்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படிக்கிறேன். வந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் கிடைக்காது. டிராம் ஏறி டியோஷ்ட்யோர் கோட்டைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருகாலத்தில் அது தனி ஊர், அரசிகளின் ஊர். இன்று மிஷ்கோல்ட்ஸ் நகரத்தின் ஒரு மூலை. சுற்றிலும் அசிங்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகள். கோட்டையையும் பழுதுபார்க்கிறேன் என்று புதுசாக்கிவிட்டார்கள். இத்தனை சரித்திரம் உள்ள ஊரை ஒரு பெரிய நகரம் விழுங்குவது நியாயமா? இதைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது, என்ன புத்தகங்கள் படிப்பது என்று சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானே இந்த ஊரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே சில நாட்கள் தங்கியிருக்கிறேன். நீங்கள் உட்காரும் அதே புல்வெளியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புத்தகங்களைப் பற்றி உங்கள் பல்கலைக்கழக நூலகரைக் கேளுங்கள். முதலில் ஹங்கேரிய மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். கோட்டையைப் புதுசாக்கியது பற்றி எனக்கும் மனத்தாங்கல் உண்டு. 2014இல் முடிந்த அந்த வேலையில் மிச்சமிருந்த சுவரைவிடச் சேர்த்துக் கட்டியது அதிகம் என்று எனக்குப் பட்டது. ஆனால் கட்டடக்கலைக்காரர்கள் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது. நமக்கு வேறு வேலை இருக்கிறது.

'விழுங்கிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரை யார்? மன்னர் லாயோஷ் 1342 முதல் 1382 வரை ஹங்கேரியை ஆண்டவர், 1370 முதல் போலந்துக்கும் அவரே மன்னர். ஹங்கேரியின் புடாவிலிருந்து போலந்தின் கிராகோவுக்குப் போகும் வழியில் தங்க வசதி என்பதால்தான் இந்தக் கோட்டையை நான்கு கோபுரங்களோடு இழைத்துக் கட்டினார். வெனிஸோடு 1381இல் இத்தாலியின் டூரினில் செய்த அமைதி ஒப்பந்தத்தை உறுதிசெய்தது இங்கேதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோட்டை வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அதே லாயோஷ் 1365இல் மிஷ்கோல்ட்ஸைத் தன் கைக்குக் கொண்டுவந்து டியோஷ்ட்யோர் கோட்டையின் சொத்தோடு சேர்த்தார். அன்றைக்கு மிஷ்கோல்ட்ஸ் ஒரு சந்தை ஊர். அவாஷ் குன்றில் திராட்சை பயிரிட்டவர்கள் கோட்டைக்கு வரி கட்டினார்கள். பிற்பாடு கோட்டையும் அதன் நிலமும் அரசிகளுக்குச் சீதனமாகவே கைமாறிக்கொண்டிருந்தன. 1526இல் துருக்கியரோடு நடந்த மொஹாச் போரில் கணவனைப் பறிகொடுத்த அரசி மேரி வரைக்கும் அப்படித்தான். அந்தச் சீதனக் கணக்கில் மிஷ்கோல்ட்ஸும் ஒரு வரி. சின்ன ஊர் பெரிய ஊரை நூற்றாண்டுக் கணக்கில் சொத்தாக வைத்திருந்தது, தம்பி. அதை யாரும் விழுங்கியது என்று சொல்வதில்லை. அங்கே ஒரு ராணி இருந்தாள் என்றால் எல்லாம் அழகாகிவிடுகிறது.

பிறகு துருக்கியர் வந்தார்கள், கோட்டை பாழடைந்தது. இதற்கு மேல் கோட்டையில் எனக்கு ஆர்வமில்லை.

எனக்குக் கோபம் வந்த இடம் 'அசிங்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகள்'. உலோகவியல் படிக்கிறவர் எழுதுகிற வார்த்தையா இது? நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகம் ஏன் புடாபெஸ்டில் இல்லாமல் மிஷ்கோல்ட்ஸில் இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டுப் பார்த்தீர்களா? 1949இல் கனரகத் தொழில்களுக்கான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றே அதைத் தொடங்கினார்கள். பக்கத்தில் உருக்காலை இருந்தது, அதனால் தொடங்கினார்கள். டியோஷ்ட்யோரை மிஷ்கோல்ட்ஸோடு இணைத்ததும் அதே காலம், 1945க்கும் 1950க்கும் இடையில். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். இந்த நகரத்தை இரும்பு நகரமாக்குவது என்று அன்றைய அரசு முடிவெடுத்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்கும் உங்களுக்குப் பிடிக்காத அந்த வீடுகளுக்கும் ஒரே வேர்தான்.

அந்த வேர் இன்னும் ஆழமாகப் போகிறது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கிலிருந்து வந்த ஹென்ரிக் ஃபஸோலா என்ற பூட்டுத் தொழிலாளி 1770களில் பக்கத்திலிருக்கும் பூக் மலைக்குள் இரும்பு உருக்க ஆரம்பித்தார். எகர் நகரத்தில் அவர் செய்த இரும்புக் கதவுகள் இன்றைக்கும் இருக்கின்றன, கொடியும் இலையுமாக. அவர் மகன் காலத்தில், 1813இல், ஊய்மாஷாவில் ஓர் உலை எழுந்தது. கல்லால் கட்டிய அந்த உலையை இன்றும் காட்டுக்குள் போய்த் தொட்டுப் பார்க்கலாம். 1868இல் அரசே மிஷ்கோல்ட்ஸுக்கும் டியோஷ்ட்யோருக்கும் நடுவில் பெரிய ஆலையைத் தொடங்கி ரயில் தண்டவாளம் செய்தது. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் வந்தன. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை நிரப்பியது அந்த ஆலை. யாராவது எதையாவது விழுங்கினார்கள் என்றால் அது அந்த உலைதான். இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் விழுங்கியது. கூடவே சோறும் போட்டது. 1950களில் அரசு ஆலைக்கு லெனின் பெயரை வைத்தது. 1980களில் நகரத்தின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த அந்த ஜனங்கள் எங்கே தூங்குவார்கள்? உங்கள் கண்ணை உறுத்தும் அந்தக் கான்கிரீட் பெட்டிகளில்தான். அதில்தான் முதன்முதலாகக் குழாயில் வெந்நீர் வருவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கோட்டைக்கு எதிரே ஒரு பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உருக்கை உருட்டித் தண்டவாளமும் கம்பியுமாக்கும் உருட்டாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோட்டையைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். ஆலையைப் பற்றிக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பால்கனியைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் எந்தப் புகைபோக்கி எந்தப் பிரிவுடையது, இரவு ஷிப்டில் வானம் எந்தப் பக்கம் சிவக்கும் என்று கையாலேயே வரைந்து காட்டினார். வீடு சின்னது, லிஃப்ட் பழுது என்று பேத்தி சலித்துக்கொண்டாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த வீட்டை அசிங்கம் என்று அவர் முகத்துக்கு நேராக உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிகிறது. யாரோ எழுதிய பயணக் குறிப்பிலிருந்து அந்தச் சொல் உங்களுக்குள் வந்திருக்கிறது, அதைத் தூக்கி எறியுங்கள்.

1990களில் ஆலை அடுத்தடுத்துத் திவாலானது, கை மாறியது, 2000களின் இறுதியில் அடங்கிப்போனது. ஊரின் மக்கள்தொகை இன்று ஒன்றரை லட்சத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. இழப்பு என்று எழுத வேண்டுமானால் இதை எழுதுங்கள். டியோஷ்ட்யோரை மிஷ்கோல்ட்ஸோடு சேர்த்த அந்த இணைப்பு உத்தரவு யாரையும் ஊரைவிட்டு அனுப்பவில்லை. வேலை போனது அனுப்பியது.

டியோஷ்ட்யோர் என்ற பெயரும் சாகவில்லை. இரும்பாலைக்காரர்கள் 1910இல் தொடங்கிய கால்பந்து அணி இன்றும் அந்தப் பெயரில்தான் ஆடுகிறது. 1977லும் 1980லும் ஹங்கேரியக் கோப்பையை வென்றது. மிஷ்கோல்ட்ஸ் நகரம் முழுக்கச் சிவப்பு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு, 'ஹாய்ரா டியோஷ்ட்யோர்' (முன்னேறு டியோஷ்ட்யோர்) என்று தொண்டை கிழியக் கத்துகிறது. விழுங்கப்பட்ட ஊரின் பெயரை விழுங்கிய ஊர் கத்துவதைக் கேட்டுவிட்டு அப்புறம் நியாயம் பேசலாம்.

ஆனால் அந்த மைதானத்துக்குப் போகும்போது அதன் பக்கத்தையும் பாருங்கள். பெயரில்லாமல் எண்களால் அழைக்கப்பட்ட தெருக்கள் அங்கே இருந்தன, பழைய ஆலைத் தொழிலாளர் வரிசை வீடுகள். ஆலை போனபின் அங்கே எஞ்சியவர்கள் பெரும்பாலும் ரோமா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஏழை மக்கள். மைதான விரிவாக்கத்தைக் காரணம் காட்டி 2014 முதல் நகராட்சி அவர்களை வெளியேற்றியது. அதற்காகப் போட்ட விதியின் ஒரு பகுதி சட்டவிரோதம் என்று 2015இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் பலர் போய்விட்டார்கள். ஊர் விழுங்கப்படுவதைப் பற்றி உங்களுக்குக் கேள்வி இருந்தால் அதை இங்கே வைத்துக் கேளுங்கள். இதுவும் டியோஷ்ட்யோரின் சரித்திரம்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் எண் டிராமை விட்டுவிட்டு இரண்டாம் எண்ணில் ஏறுங்கள். அது ஆலை வாசலுக்குப் போகும். அங்கே யாராவது ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தால், உலோகவியல் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். பேச ஆளில்லை என்ற உங்கள் குறையும் அன்றைக்குத் தீரும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். குளிரில் வெறும் காலணியோடு அலையாதீர்கள், கம்பளிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்