அமெரிக்காவில் குற்றவழக்குப் பிரதிவாதி வழக்கறிஞர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

குற்றம் சாட்டப்பட்டவருக்காக நீதிமன்றத்தில் வாதாடுபவரே பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞர். அமெரிக்காவில் இவர்கள் பொதுவாக நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டு சட்டம் பயின்று, மாநிலத் தகுதித் தேர்வில் தேறி வருகிறார்கள். ஆனால் தொழிலைப் பலரும் கற்பது இரண்டு இடங்களில்தான்.

ஒன்று, அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம். 1995இல் கொலை வழக்கில் சிக்கிய அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் விடுதலைக்காக வாதாடிய ஜானி காக்ரன்கூட முன்பு லாஸ் ஏஞ்சலிஸில் அரசுத் தரப்பில் பணியாற்றியவரே. தைக்கத் தெரிந்தவருக்குத் தையல் எங்கே பிரியும் என்பது தெரிவதுபோல, வழக்கைக் கட்டிப் பழகியவருக்குச் சாட்சியத்தில் தளர்ந்த இடம் விரைவில் புலப்படுகிறது.

மற்றொன்று, வறியவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் அலுவலகம். வழக்கறிஞரை அமர்த்த வசதியின்றித் தாமே வாதாடித் தண்டனை பெற்ற கிளாரன்ஸ் கிடியன் சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை ஏற்று, கடுங்குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு மாநிலமே வழக்கறிஞரை அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்த பிறகே இத்தகைய அலுவலகங்கள் பெருகின. மறுவிசாரணையில், வழக்கறிஞரின் துணையோடு, கிடியன் விடுதலையானார். இத்தொழில் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

வறியவர்களுக்காக வாதாடி அரசு ஊதியம் பெறும் இவர்கள் அரசின் பக்கம் சாய்வார்கள் என்று பலர் எண்ணுவது தவறு: இவர்களும் அதே தேர்வில் தேறியவர்கள், இவர்களின் தொழிற்கடமையும் தம் கட்சிக்காரருக்கே உரியது.