உண்ணிச்செடி தின்ற ஆட்டுக்கு அடுப்புக்கரி போதுமா?

கேள்வி: அஞ்செட்டிப் பக்கம் செம்மறி வளர்க்கிறேன். சந்தையில் புதிதாக வாங்கிய ஆடுகளில் இரண்டு, காட்டோரம் உண்ணிச்செடியைத் தின்றுவிட்டன. மூன்று நாளாக இரை எடுக்கவில்லை, கண் மஞ்சளாக இருக்கிறது. அடுப்புக்கரியை இடித்துக் கொடுத்தால் விஷம் இறங்குமா?

பதில்: முதலில் இரண்டையும் நிழலில் கட்டுங்கள். இந்த விஷம் ஈரலைக் கெடுக்கிறது. ஈரல் கெட்டால் தின்ற பச்சையின் மிச்சம் ஒன்று வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அந்த நிலையில் வெயில் பட்டால் மூக்கும் காதும் வெடித்துப் புண்ணாகும்.

கரி கொடுப்பது சரியான யோசனைதான், ஆனால் அடுப்புக்கரி போதாது. கரி விஷத்தை முறிப்பதில்லை, தன் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. பாடப் புத்தகத்தில் இதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள். அதற்குப் பரப்பு வேண்டுமே! அடுப்புக்கரியின் நுண்துளைகளைத் தாரும் சாம்பலும் அடைத்திருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் சுட்டால் அந்தத் துளைகள் திறந்துகொள்ளும். அதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். நல்ல ரகத்தில் நாலே கிராமை எடுத்து உள்பரப்பை விரித்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் வரும். கையில் எடுத்தால் மையைப் போல விரலில் அப்பிக்கொள்ளும், அவ்வளவு மென்மை.

மூன்று நாள் ஆகிவிட்டதே என்று கைவிடாதீர்கள். உண்ணிச்செடி தின்ற ஆட்டுக்கு வயிறு அசையாமல் நின்றுவிடும். தின்ற இலை அங்கேயே கிடந்து விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இப்போது கொடுத்தாலும் பலன் உண்டு. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம். 20 கிலோ ஆட்டுக்கு 100 கிராம், தண்ணீரில் கூழாகக் கரைத்து. நீங்களே வாயில் ஊற்றாதீர்கள். சோர்ந்த ஆட்டுக்குப் புரையேறி நுரையீரலில் இறங்கினால் அதுவே உயிரை எடுத்துவிடும். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்து மருத்துவரை வரவழையுங்கள். அவர் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் விடுவார், ஈரலுக்கும் மருந்து தருவார். வாய்வழி மருந்து எதையும் கரியோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, மருந்தையும் கரி பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. இளஞ்சோளப் பயிர் தின்று ஆடு துடித்தாலோ, யூரியாவை நக்கிவிட்டாலோ கரியை நம்பி நேரத்தைப் போக்காதீர்கள். அந்த விஷங்கள் கரியில் சரியாக ஒட்டுவதில்லை. சோள விஷத்துக்கு மருத்துவர் போடும் ஊசிதான் வழி.

கரி கொடுத்தபின் புழுக்கை கன்னங்கரேலென்று விழும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அடைத்த வயிறு இறங்கத் தொடங்கியிருக்கிறது.