6 இலக்க ஓடிபிக்கு 10 ஜிகாபிட் பெட்டி எதற்கு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில், சீட்டுக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். மாதக் குலுக்கல், ஓடிபி இரண்டும் எங்கள் சர்வரிலிருந்துதான் போகின்றன. ‘லேசர் ஒளியில் ரேண்டம் நம்பர் எடுக்கும் குவாண்டம் பெட்டி, நொடிக்கு 10 ஜிகாபிட். இனி இது இல்லாமல் ஆடிட்டில் தேற முடியாது’ என்று ஒரு ஏஜெண்ட் நச்சரிக்கிறார். விலை 16 லட்சம். வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். 6 இலக்க ஓடிபி ஒன்றுக்கு 20 பிட், அதாவது இருபது 0 அல்லது 1, போதும். தினம் 1 லட்சம் ஓடிபி அனுப்பினாலும் 20 லட்சம் பிட்தான். 10 ஜிகாபிட் பெட்டி அதை ஒரு நொடியில் 5,000-ல் ஒரு பங்கு நேரத்தில் கொடுத்துவிட்டு, மீதி நாள் முழுக்கச் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். லினக்ஸில் 2014 முதல் ரேண்டம் நம்பர் கொடுக்க ‘கெட்ரேண்டம்’ என்ற வசதி இருக்கிறது. காசு கிடையாது, அதையே பயன்படுத்துங்கள். ஓடிபி திருடுகிறவன் எண்ணை யூகிப்பதில்லை, வாடிக்கையாளருக்கு போன் போட்டுக் கேட்டு வாங்குகிறான்.

உங்கள் குலுக்கல் புரோகிராமைத்தான் பார்க்க வேண்டும். 40 பேர் சீட்டு என்று வையுங்கள். 0 முதல் 255 வரை ஒரு எண் எடுத்து, 40-ஆல் வகுத்து, மீதியை டோக்கன் எண்ணாக வைத்தால் முதல் 16 பேருக்குத் தலா 7 வாய்ப்பு, மற்ற 24 பேருக்கு 6 வாய்ப்பு. எண் குவாண்டத்திலிருந்து வந்தாலும் இந்தக் கோணல் போகாது. 240-ம் அதற்கு மேலும் வந்தால் தள்ளிவிட்டு வேறு எண் எடுங்கள். ஒரே ஒரு வரி. இதற்கு 16 லட்சம் ஆகாது.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக எண்ணினால் இந்த வேகம் வராது. ஒன்றைப் பிடித்ததும் டிடெக்டர் கொஞ்ச நேரம் குருடாகிவிடும். ஆகவே லேசர் ஒளியைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு டிடெக்டர்களில் விழவைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். லேசரின் சொந்த ஆட்டம் அடிபட்டுப் போய், வெற்றிடத்தின் குவாண்டம் நடுக்கம் (ஒளியே இல்லாத இடத்திலும் ஓயாத, யூகிக்க முடியாத ஆட்டம்) மிஞ்சும். அதைத்தான் எண்ணாக மாற்றுகிறார்கள். கூடவே ஆம்ப்ளிஃபயரின் சாதா இரைச்சலும் ஒட்டிக்கொண்டு வரும். எது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், லேசரை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரைச்சல் நன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் நீங்கள் வாங்குவது ஆம்ப்ளிஃபயர். இதை, கணக்குப் போட்டுக் கோணல் நீக்குவதற்கு முன், பதப்படுத்தாத எண்ணில்தான் பார்க்க வேண்டும். பதப்படுத்தியபின் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

‘எண்கள் ரேண்டமா என்று பார்க்கும் எல்லா டெஸ்ட்டிலும் பாஸ்’ என்று ஒரு சான்றிதழ் நீட்டுவார்கள். அதற்கும் மயங்காதீர்கள். 1, 2, 3 என்று வரிசையாக எண்ணி ஏஇஎஸ் என்ற ரகசியக் குறியாக்கப் பூட்டுப் போட்டு வெளியே விட்டாலும் அந்த டெஸ்ட்டெல்லாம் பாஸ்தான். அந்தப் பூட்டின் சாவி, பெட்டி விற்றவன் கையில் இருந்தால் உங்கள் அடுத்த எண் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். 2023-ல் மத்திய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் மிஷனுக்கு ஒப்புதல் கொடுத்தது நல்ல காரியம். அப்புறம் விசிட்டிங் கார்டில் ‘குவாண்டம்’ என்று அச்சடித்துக்கொண்டவர்கள்தான் தொல்லை. ஒரு டெண்டர் குழுவில் உட்கார்ந்திருந்தேன். விற்பனையாளரின் பிரசுரத்தில் இருந்த வரி, அதே எழுத்துப்பிழையோடு டெண்டர் நிபந்தனையாக வந்திருந்தது. சுட்டிக்காட்டினேன். ‘ஃபைல் நகர்ந்துவிட்டது சார்’ என்றார்கள்.

அப்படியானால் ஜிகாபிட் யாருக்குத்தான் வேண்டும்? செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை ஒளி வழியே குவாண்டம் முறையில் பரிமாறுகிறவர்களுக்கு. அங்கே அனுப்பும் பக்கம் நொடிக்கு 100 கோடி ஒளித்துடிப்பு விடுவதாக வையுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் 0-வா 1-ஆ, எந்த அச்சில் (அதை எழுதும் முறை), நிஜத் துடிப்பா, ஒட்டுக்கேட்பவனைப் பிடிக்க விடும் ஏமாற்றுத் துடிப்பா என்று தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். துடிப்புக்கு 3, 4 பிட் என்றால் நொடிக்கு 300, 400 கோடி பிட். இந்தத் தேர்வை ஒருவன் யூகித்துவிட்டால் அமைப்பே வீண். பழைய எண்ணைத் திரும்பப் போடவும் முடியாது. அவர்களுக்கு அந்தப் பெட்டி நியாயமான செலவு. அல்சூரில் சீட்டுக் குலுக்குகிற உங்களுக்கு அல்ல.

ஆடிட் என்று பயமுறுத்தினாரே, எந்த விதி, எந்தச் சுற்றறிக்கை, என்ன தேதி என்று அவரிடம் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.