ஹைடன் எழுதாத ‘ஹைடன்’

அன்புள்ள ஐயா,

என் மகன் வயலின் வகுப்பில் ‘ஹைடன் செரினேட்’ கற்றுக்கொள்கிறான். தேடிப் பார்த்தால் அதை எழுதியவர் ஹாஃப்ஸ்டெட்டர் என்கிறார்கள். ‘ஹைடன் குவார்டெட்டுகள்’ என்று நான் வாங்கிய குறுந்தகட்டிலோ மோட்சார்ட் இருக்கிறார். யார்தான் எதை எழுதினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குறுந்தகட்டில் தவறில்லை. மோட்சார்ட்டும் ஹைடனும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர்கள். ‘ஹைடன் குவார்டெட்டுகள்’ என்ற அந்த ஆறும், அதாவது நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஆறு படைப்புகளும், மோட்சார்ட் எழுதி ஹைடனுக்குச் சமர்ப்பித்தவை. 1785இல் வியன்னாவில் அர்த்தாரியா பதிப்பகம் வெளியிட்டது. அன்றைக்குச் சமர்ப்பணம் பெரும்பாலும் பிரபுக்களுக்குத்தான், பதிலுக்கு ஏதாவது சன்மானம் வரும். மோட்சார்ட் அதை ஒரு சக இசைஞருக்குக் கொடுத்தார். இத்தாலிய மொழியில் எழுதிய முன்னுரையில் ஆறு படைப்புகளையும் தன் ஆறு பிள்ளைகள் என்று சொல்லி நண்பரின் பொறுப்பில் விடுகிறார்.

செரினேட் கதை வேறு. முதல் வயலின் பாட, மற்ற மூன்று வாத்தியங்களும் வில்லை விட்டு விரலால் தந்தியை மீட்டும் அந்தப் பகுதி ‘ஓபஸ் 3’ (மூன்றாம் படைப்பு எண்) என்ற, ஆறு குவார்டெட்டுகள் கொண்ட தொகுப்பின் ஐந்தாவதில் வருகிறது. 1777இல் பாரிஸில் பாய்யூ என்ற பதிப்பாளர் அந்தத் தொகுப்பை ஹைடன் பெயரில் அச்சிட்டார். ஹைடன் பெயருக்கு அவ்வளவு விற்பனை! பின்னர் ஹைடனின் மாணவர் பிளையல் குவார்டெட்டுகளைத் தொகுத்தபோது இவற்றையும் சேர்த்தார். ஹைடன் அப்போது உயிரோடுதான் இருந்தார், மறுக்கவில்லை. வயதாகி, எழுதியவை நூற்றுக்கணக்கில் குவிந்தபின் எது தன்னுடையது என்று அவருக்கே தெளிவாக நினைவிருந்ததா என்பது என் சந்தேகம்.

1964இல் ஆலன் டைசன், ராபின்ஸ் லாண்டன் என்ற இரு இசை ஆய்வாளர்கள் பாய்யூவின் பழைய அச்சுப் பிரதியைக் கூர்ந்து பார்த்தார்கள். முதல் இரண்டு குவார்டெட்டுகளின் தலைப்பில், அச்சுக்காகச் செதுக்கிய உலோகத் தகட்டில் தேய்த்து அழித்த ஒரு பெயரின் தடம் தெரிந்தது: ஹாஃப்ஸ்டெட்டர். ரோமன் ஹாஃப்ஸ்டெட்டர் ஜெர்மனியின் அமோர்பாக் மடத்தில் பெனடிக்ட் சபைத் துறவி. ஹைடனின் இசை பிடித்துப்போய், அவரைப் பின்பற்றாமல் இருக்க முடியவில்லை என்று தானே ஒரு கடிதத்தில் எழுதியவர். ஏமாற்றியது பதிப்பாளர், பாவம், துறவிக்கு இதில் ஒரு காசு கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள், அழிந்த பெயர் இருப்பது முதல் இரண்டில். உங்கள் மகன் வாசிப்பது ஐந்தாவது. மற்ற நான்கும் அவருடையவைதான் என்பது ஊகம், நியாயமான ஊகம். மகனின் நோட்டில் ஹைடனை அடித்துவிட்டு ‘ஹாஃப்ஸ்டெட்டர்?’ என்று கேள்விக்குறியோடு எழுதிக்கொடுங்கள்.