அம்மா கடலில் இருக்கும் நேரம்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 23. பி.காம் முடித்திருக்கிறேன். பாம்பன் பக்கத்தில் கடற்கரை ஊர். எழுத்தில் ஆசை. வாரம் ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போடுவது என்று ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் கைச்சரக்கு தீர்ந்துவிட்டது. தன்னம்பிக்கை, நேரத்தைத் திட்டமிடுவது, இராமேஸ்வரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் எழுதியாயிற்று. அம்மா கடலுக்குள் பாசிக்குப் போய்விடுவார்கள், அதனால் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. நோட்டில் நடுவே வட்டம் போட்டு, கிளை கிளையாகக் கோடு இழுத்து யோசிக்கிறேன். கல்லூரித் தோழிகளோடு வாட்ஸ்அப்பில் கூடியும் யோசித்துவிட்டோம். ஒன்றும் தேறவில்லை. எழுத விஷயம் கிடைக்க என்ன வழி? எனக்குத் திறமையே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்பு மகளுக்கு,

உனக்குத் திறமை இருக்கிறதா, இல்லையா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. "எழுத ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். "கவலைப்படாதே, தானாக வரும்" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. தானாக வராது.

உன் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு மேலே போக முடியாமல் நின்றுவிட்டேன். அம்மா பாசிக்குப் போய்விடுவார்கள், அதனால் வீடு அமைதியாக இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அடுத்த வரியிலேயே வட்டம், கோடு என்று போய்விட்டாய்.

நீ நோட்டைத் திறக்கிற அந்த நேரத்தில் உன் அம்மா என்ன செய்துகொண்டிருக்கிறார்? சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை. பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணிச் சுற்று. கண்ணுக்குக் கண்ணாடி, காலில் தகட்டை வெட்டிக் கட்டிய துடுப்பு, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைக் கையால் பறித்து, மேலே வந்து ஒரு மூச்சு வாங்கி, மறுபடி முங்குகிறார். சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் உடம்பு எரியும். எரிந்தாலும் வள்ளம் திரும்புகிறபோதுதான் அவர் திரும்ப முடியும். அந்த ஆறு மணி நேரத்தை நீ உனக்குக் கிடைத்த அமைதி என்று கணக்கு வைத்திருக்கிறாய்.

கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். இரண்டு மணிக்கு அவர் ஈரத்தோடு வாசலுக்கு வரும்போது சோறு வடித்திருக்கிறதா? குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறாயா, இல்லை அதையும் அவர்தான் எடுக்கிறாரா? அவர் விரலில் இப்போது எத்தனை கீறல் ஆறாமல் இருக்கிறது? நீ படித்தது பி.காம். பாசி வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, ஈரத்தில் எவ்வளவு இருந்தது, காய்ந்தபின் எடை எவ்வளவு நின்றது, எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்ததுண்டா? பெற்றவள் உடம்பைக் கொடுத்து உழைக்கிற வீட்டில், படித்த பிள்ளை அந்தக் கணக்கைக் கையில் எடுப்பதுதான் முதல் கடமை. கட்டுரை அதற்கு அப்புறம். இது பழைய காலத்துப் பேச்சு என்று உனக்குப் பட்டால் படட்டும். எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் கிடையாது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கூடி உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் கொட்டும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1940-களில் இருந்து அது உலகம் பூராவும் பரவிவிட்டது. 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்து எழுதியதைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம் இருந்தன. எனவே உன் வாட்ஸ்அப் கூட்டத்தில் ஒன்றும் தேறவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆஸ்போர்ன் வைத்த ஒரு விதி உனக்குத் தேவை: கொட்டுகிறபோது எதையும் தள்ளாதே, தரம் பார்ப்பது பிறகு. நீ யோசிக்க உட்காரும் முன்னாலேயே ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாய். உன் வட்டத்துக்குள் உன் வீடு இல்லை, கடல் இல்லை, பாசி இல்லை. வெறும் நோட்டில் எத்தனை கோடு இழுத்தாலும் உள்ளே போனதுதானே வெளியே வரும்?

பாசி என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டாயே, அம்மா எடுப்பது எந்தப் பாசி? மரிக்கொழுந்தா, கஞ்சிப்பாசியா, கட்டக்கோரையா? மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டில் ஊற்றியிருப்பது அகர்தான். கீழக்கரையில் நோன்பு திறக்கும் நேரத்தில் கண்ணாடி போல் வெட்டி வைக்கிறார்களே கடல்பாசி, அதுவும் அகர்தான். கட்டக்கோரையில் கிடைப்பது அல்ஜினேட் என்ற பசைப்பொருள். பல் மருத்துவர் வாயில் வைத்து அச்செடுக்கும் கலவையில் அது இருக்கிறது, துணிக்குச் சாயம் அச்சிடுகிற இடத்திலும் இருக்கிறது. உன் அம்மா கையால் பறித்தது போய்ச் சேர்கிற இடங்கள் இவை. இதில் ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை.

2000-த்தை ஒட்டி மண்டபம் பக்கம் வந்த 'பெப்சி பாசி'யை எடுத்துக்கொள். அந்தக் கம்பெனி கொண்டுவந்ததால் ஊர் வைத்த பெயர். மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை, முங்க வேண்டியதில்லை. பல பெண்களுக்கு அது கைக்குக் காசு கொடுத்தது. அதே பாசி பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உன் ஊர்ப் பெண்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்? மிதவைக்குப் போனவர் யார், போகாமல் கடலிலேயே நின்றவர் யார், ஏன்? இதை வெளியூரிலிருந்து வருகிறவர் நாள் கணக்கில் தங்கி விசாரிக்க வேண்டும். உனக்குத் தெருவில் நடந்தால் போதும்.

விசாரிக்கும்போது "உங்கள் அனுபவம் எப்படி?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் "என்னத்தைச் சொல்ல, கஷ்டம்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அம்மாவிடம் சின்னதாகக் கேள். முதல் முறை யாரோடு போனீங்க? யார் முங்கச் சொல்லிக் கொடுத்தது? கச்சான் காற்றில் எந்த நாள் போக முடியாது? கண்ணாடி வருவதற்கு முன்னால் எப்படி எடுத்தாங்க? தண்ணிக்குள்ளே பயந்தது எப்போ? அவர் பாசியை மணலில் பரப்பும்போது நீயும் குனிந்து பரப்பு. கல்லும் சிப்பியும் பொறுக்கிப் போடு. கை வேலை செய்கிறபோதுதான் அவர்களுக்கு வாய் திறக்கும். எதிரே நோட்டோடு உட்கார்ந்தால் திறக்காது. கேட்டதை அன்று இரவே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வை. மறுநாளைக்கு விட்டால் உன் கல்லூரித் தமிழ் வந்து மூடிவிடும். சந்தேகம் வந்தால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய அந்த நிலையத்துக்கு நெடுங்காலம் தலைமையிடமே மண்டபம்தான். போய்க் கேள். பாம்பனிலேயே மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' என்று சமுதாய வானொலி நடக்கிறது. கரையில் பேசுகிற பேச்சைக் கேட்க ஆள் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது சொல்வதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே பாசி எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பரம்பரையாகப் போன கடல் அது என்று பெண்கள் சொல்கிறார்கள். வனத்துறைக்கும் அவர்களுக்கும் நடுவே இந்தத் தகராறு இன்றும் ஓயவில்லை. நீ ஆர்வத்தில் "என் அம்மா இன்ன தீவுக்கு இன்ன கிழமை போவார்" என்று படத்தோடு போட்டாயானால், நாளைக்குப் பிழைப்பு போவது உன் அம்மாவுக்கும் அதே வள்ளத்தில் போகிற மற்றப் பெண்களுக்கும். அந்தச் சட்டத்தைப் பற்றி எழுது, தாராளமாக எழுது. பாசி மறுபடி வளரட்டும் என்று பல ஊர்ப் பெண்கள் தாங்களாகவே கொஞ்ச காலம் எடுக்காமல் விடுகிறார்களே, அதையும் எழுது. இடத்தையும் ஆளையும் மட்டும் அடையாளம் காட்டாதே. அடுத்த வீட்டு அக்காவின் கடன், இன்னொருத்தியின் புருஷன் குடிக்கிற கதை இவையெல்லாம் உன் காதுக்கு வரும். அவை உன் சரக்கு கிடையாது.

வாரம் ஒரு கட்டுரை என்கிற கணக்கையும் மாற்று. பாசிக்குத் தினமும் போக முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, தண்ணீர் வத்துகிற நாள் பார்த்துத்தான் போகிறார்கள். அம்மா போகிற நாட்களில் சமையலும் கணக்கும் பாசி காய வைப்பதும் உன் பொறுப்பு. அவர் வீட்டில் இருக்கிற நாட்களில் கேள், எழுது. மாதத்துக்கு இரண்டுதான் வரும் என்றால் இரண்டு போதும்.

எழுதி முடித்ததும் தோழிகளுக்கு அனுப்பும் முன்னால் அம்மாவை உட்கார வைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டு. தப்பைத் திருத்துவார், திருத்திக்கொள். "இது வேண்டாம்" என்று ஏதாவது ஒரு பத்தியைச் சொன்னால் அதை அடித்துவிடு. எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி, ஏன் என்று அவரிடம் வாதாடிக்கொண்டிருக்காதே.